அத்தானைத் தடுத்து ஆடிய ஆட்டம்

கால்பந்தில் முன்னால் நிற்பவனுக்குப் பெயர் கிடைக்கும், பின்னால் நிற்பவனுக்கு ஏச்சு கிடைக்கும். இரண்டு இடத்திலும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். முன்னால் நின்றது இரண்டு வருடம். பின்னால் நின்றது ஒரே ஒரு மேட்ச். அந்த ஒரு மேட்சுக்குக் கிடைத்த ஏச்சு, அறுபதைத் தாண்டிய பிறகும் தீரவில்லை. (தீர வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியதுதான்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. ராஜபாளையத்தில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது வீட்டுக்குச் சொன்னது. உண்மையில் கல்லூரி அணியின் சென்டர் ஃபார்வர்டாக இருந்தேன். கோல் போட்டால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடி வருவேன். பந்து கம்பத்துக்கு வெளியே போனாலும் பாதிச் சுற்று ஓடுவேன். ஓடத் தொடங்கியதை எப்படி நிறுத்துவது? பக்கத்தில் எவன் சும்மா நின்று கையை ஆட்டினாலும் பந்தைக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அவன் கோல் போட்டுவிடுவானே.

எங்கள் பிசிக்கல் டைரக்டரை பி.டி. சார் என்போம். விசிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைதட்டித்தான் கூப்பிடுவார். மேட்ச் நாளைக்கு விசில் புதிதாக இருக்க வேண்டுமாம். ஒரு சாயங்காலம் அப்படிக் கைதட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே குரு, நாளைல இருந்து நீ பேக்ல நில்லு."

கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனைத் தடுப்பவன்தான் பேக். அந்த இடத்தில் ஆடிய சோழபுரத்துப் பையன், மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.

"சார், நான் ஃபார்வர்டு சார்."

"தெரியும்லே. ரெண்டு வருசமாப் பாக்கேன். பந்து கிடைச்சா நீ ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டே. பேக்குக்கும் அதான் வேலை. எவனுக்கும் குடுக்கக் கூடாது. உனக்குன்னே செஞ்ச இடம்."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் சவரிமுத்து. தளவாய்புரத்துக்காரன், எங்கள் கோல்கீப்பர். இனி என் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கப் போகிறவன் அவன்தான். எனக்கோ, கல்யாண வீட்டில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு அடுப்படியில் வெங்காயம் உரிக்கச் சொன்னது போல் இருந்தது.

ஃபார்வர்டு முன்னால் பார்த்து ஓடுகிறவன். பேக் எதிராளியைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். பிறந்ததிலிருந்து நான் பின்னால் ஓடியதில்லை. அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி போடுகிற சின்ன யூனிட் இருந்தது. வெளுத்த துணியைக் காயப்போடுகிற களத்தில், ஆள் இல்லாத நேரம் பார்த்து, பின்னோட்டம் பழகினேன். மூன்றாவது ஓட்டத்தில் கொடியில் கிடந்த துணிக்குள் முதுகைக் கொடுத்துப் புகுந்து, உருண்டு, எழுந்தபோது தலை முதல் இடுப்பு வரை கட்டுப் போட்ட ஆளாக நின்றேன். அப்பா வந்து பார்த்தார்.

"ஏலே, அது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. அடி பட்டவனுக்குச் சுத்துறது. உனக்கு எங்க அடி?"

மனசில் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இடம் மாறிய விஷயத்தையே நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது.

கோமதியக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வன்னியம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதுவரை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் ஜாதகம் என்றார்கள், ஒரு வீட்டில் உயரம் என்றார்கள், மூன்றாவது வீட்டில் கேசரி நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலையில் அக்கா வழக்கமான பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம்.

நான்காவதாக வந்தவர் ரெங்கநாதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அங்கேயே தாலுகா ஆபீஸில் கிளார்க். அம்மாவோடு வந்திருந்தார். அக்கா காப்பி கொண்டுவந்தபோது அவர், "எத்தனாங் கிளாஸ் எடுக்கீக?" என்று கேட்டார். "நாலாங் கிளாஸ்" என்றாள் அக்கா. "நாலாங் கிளாஸ்ல நான் ஃபெயில்" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

எல்லாம் ஒத்து வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைத்து உறுதி பண்ண வருகிறோம் என்று அவருடைய அம்மாவே சொன்னார். கிளம்பும்போது ரெங்கநாதன் என் தோளில் கை வைத்தார்.

"காலேஜ் டீம்ல ஆடுதீகளாமே. புதன்கிழமை எங்க டவுன் டீமோடதான மேட்ச்? நானும் ஆடுதேன். நீங்க எந்த இடம்?"

"சென்டர் ஃபார்வர்டு" என்றேன். (பொய் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.)

"அட, நானும் அதான். அப்ப நாம மோதிக்கிட மாட்டோம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

சென்டர் ஃபார்வர்டைத் தடுப்பது எதிரணியின் பேக்குடைய வேலை. அதாவது என் வேலை.

புதன்கிழமை மத்தியானம் நான் பையைத் தூக்கியபோது அப்பா வாசலில் நின்றார். மேட்ச் பார்க்கத் தானும் வருவதாகவும், சம்பந்தி வீட்டாரோடு உட்கார்ந்து பார்ப்பதுதான் மரியாதை என்றும் சொன்னார். "மாப்பிள்ளை மேல உன் கை படக்கூடாது. கேட்டுக்கோ" என்றார். உள்ளே அக்கா என்னிடம் தனியாக, "அவியளுக்கு ஒண்ணும் ஆயிராமப் பாத்துக்கோடா. தோத்துட்டு வந்தா என்ன இப்போ?" என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பி.டி. சார், "அந்த ஒம்பதாம் நம்பர்தான் அவங்க டீம். அவனை மார்க் பண்ணு. அவன் வீட்டுக்குப் போனா நீயும் பின்னாலயே போ. உள்ள கூப்பிடலன்னாலும் வாசல்ல நில்லு" என்றார். ஒம்பதாம் நம்பர் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலில் நான் எப்படியும் நிற்க வேண்டியவன்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, அப்பாவும் ரெங்கநாதனின் அம்மாவும் அவருடைய உறவுக்காரர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தோளில் சரிகைத் துண்டு போட்டிருந்தார். ஃபுட்பால் மேட்சுக்குச் சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒம்பதாம் நம்பர் பந்தோடு என்னை நோக்கி வந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளைக்கு வழி விட்டுப் பழகிய உடம்பு. அது என்னைக் கேட்காமலே ஒதுங்கி நின்றது. வாயும் சேர்ந்து, "வாங்க அத்தான்" என்றது.

"இருக்கட்டும் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே போய்க் கோல் போட்டார். திரும்பி வரும்போது, "சென்டர் ஃபார்வர்டுன்னு சொன்னீக. வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டீகளோ?" என்றார்.

சவரிமுத்து வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ஏலே, அவனைத் தடுக்கச் சொன்னா சந்தனம் பூசி வரவேற்கியா?"

"எங்க அக்காவுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளைடா."

"அப்ப ரெண்டாவது கோல் சீர்வரிசையாடா?"

அவன் வாய் கரிவாய். இரண்டாவதும் விழுந்தது. அந்தத் தடவை நான் காலை நீட்டத்தான் செய்தேன். நீட்டிய காலை அப்பாவின் சரிகைத் துண்டு கண்ணில் பட்டதும் மடக்கிக்கொண்டேன்.

இடைவேளையில் பி.டி. சார் எலுமிச்சம்பழத் துண்டை என் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அவன் யாருலே உனக்கு?" சொன்னேன்.

"பூ வச்சாச்சா?"

"வெள்ளிக்கிழமை சார்."

"அப்ப வெள்ளிக்கிழமைல இருந்து மரியாதை குடு. இன்னைக்குப் புதன்கிழமை."

இதைவிடத் தெளிவான சட்டத்தை நான் பி.காம்.மில் படிக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒழுங்காக ஆடினேன். அவர் போன இடமெல்லாம் போனேன். இரண்டு தடவை அவர் காலிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தேன். மாப்பிள்ளை மேல் என் கை படவில்லை. பின்னால் ஓடுவதுகூட வந்துவிட்டது. அடடா, இதுவும் ஒரு ஆட்டம்தான் என்று நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்த நேரத்தில், அவர் என் நேர் எதிரே வந்து நின்றார். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்தார். நானும் ஒடித்தேன். பந்தை என் இரண்டு காலுக்கும் நடுவில் தட்டிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போய் அதை எடுத்துக்கொண்டார்.

மைதானமே சிரித்தது. அதைத் தாங்கிக்கொண்டேன். வேப்பமரத்தடிப் பெஞ்சைப் பார்த்தேன். அப்பா சம்பந்தியின் பக்கம் திரும்பி, கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பந்து கோலாகாமல் வெளியே போனது. திரும்பி வந்த ரெங்கநாதன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, ஃபார்வர்டுதான் காலை அகட்டி நிக்கலாம். பேக்கு சேத்து வச்சு நிக்கணும். பழகிரும், ஒண்ணுமில்ல." கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கறையாகச் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை.

அடுத்து அவர் பந்தோடு வந்தபோது நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். பந்து அவர் காலிலிருந்து விலகி இடது பக்கம் மூன்று அடி தள்ளி உருண்டுகொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. பந்துக்குப் போகவும் நேரம் இருந்தது. நான் காலுக்குப் போனேன்.

காய்ந்த சுள்ளி முறிவது போல் ஒரு சத்தம். ஆட்டம் நின்றது. அவர் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஒரு கையை நீட்டிக் காட்டினார்.

"மாப்ள, பந்து அங்க கிடக்கு."

எல்லோரும் ஓடி வந்தார்கள். ரெஃப்ரி தூரத்தில் இருந்ததால் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அப்பா துண்டு கீழே விழுவது தெரியாமல் ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சறுக்கிருச்சுப்பா."

மழை பெய்து மாதக் கணக்கு ஆகியிருந்தது. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சவரிமுத்து மட்டும் குனிந்து தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் ஒன்றும் சொல்லாமல் விட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். ஆறு வாரம் மாவுக்கட்டு. கம்பவுண்டர் ஒரு பேண்டேஜ் ரோலைப் பிரித்தார். அதன் காகிதத்தில் எங்கள் யூனிட்டின் பெயர் அச்சடித்திருந்தது. டவுன் டீமோடு வந்த ஒருவர் அதை எடுத்து நிதானமாக வாசித்தார்.

"மகன் ஒடிக்கான், அப்பா கட்டுதாரு. குடும்பத்தோட நல்ல ஏவாரம்" என்றார்.

மறுநாள் காலையில் அந்த வாக்கியம் ராஜபாளையத்துக்கு எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அப்பா இரண்டு நாள் யூனிட் பக்கம் போகவில்லை.

இதுவரை நீங்கள் சிரித்திருக்கலாம். நானும் இந்த இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை. தரகர் மட்டும் வந்தார். ரெங்கநாதனின் அம்மா சொன்னதை அப்படியே சொன்னார். "பூ வைக்க ரெண்டு நாளைக்கு முன்னால எம்புள்ள கால் போயிருக்கு. யாரையும் குத்தம் சொல்லல. சறுக்கிருச்சுங்காக. யாரு மேலயும் குத்தம் இல்லாம இப்படி நடக்குதுன்னா, அது பொண்ணு ராசிதான. யோசிச்சுச் சொல்லுதோம்."

யோசித்துச் சொல்லுதோம் என்றால் என்ன என்று மூன்று தடவை கேட்டுப் பழகிய வீடு அது.

நான் சொன்ன ஒரு வார்த்தை எங்கே போய் நின்றது பாருங்கள். சறுக்கல் என்றால் என் மேல் தப்பில்லை. தப்பு யார் மேலாவது இருந்தாக வேண்டுமே, அது போய் அக்கா மேல் உட்கார்ந்துகொண்டது. ஒரு பேக்காக நான் தடுத்திருக்க வேண்டியது அதைத்தான். அங்கேயும் ஒதுங்கி நின்று வழி விட்டேன். வெள்ளி போனது, சனி போனது. உண்மையைச் சொன்னால் அப்பா தோலை உரிப்பார், மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் முழிக்க முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவர்கள் முன்னால் நான் ஃபார்வர்டாகவே நிற்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா நாலாங் கிளாஸ் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"குரு, இந்த வெயில்ல அந்தக் கிரவுண்டு சறுக்குமாடா?"

நான் ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

"எனக்குப் பந்து விளையாட்டெல்லாம் தெரியாது. அதான் கேக்கேன். சறுக்கும்னா என் ராசிதான், நான் பேசாம பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டு இருந்துக்கிடுதேன். எதுன்னு தெரிஞ்சுக்கிடணும்ல."

ஒரு நோட்டை மூடி அடுத்ததை எடுத்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

ரெங்கநாதன் வீட்டில் அவர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவருடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று சொன்னேன். கழற்றினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"அத்தை, அன்னைக்குச் சறுக்கல. நான் வேணும்னுதான் மிதிச்சேன்."

ஆரஞ்சு அப்படியே நின்றது. "எதுக்குலே?"

"காலுக்கு நடுவுல பந்தை விட்டாரு. எல்லாரும் சிரிச்சாக. எங்கப்பாவும் சிரிச்சாரு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"ஆண்டாள் அறியச் சொல்லு. நெசமா வேணும்னு மிதிச்சியா? பொண்ணு கல்யாணம் நிக்கப் போகுதேன்னு கதை கட்டலயே?"

வாழ்க்கையில் நான் சொன்ன உண்மையை ஒருவர் சந்தேகப்பட்டது அன்றுதான். ஆண்டாள் அறிய, வேண்டுமென்றே மிதித்தேன் என்று சத்தியம் செய்தேன். செய்த தப்பை நான்தான் செய்தேன் என்று கெஞ்சி நம்ப வைக்க வேண்டியிருந்தது.

கட்டிலிலிருந்து ரெங்கநாதன் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேனேம்மா, பந்து தள்ளிக் கிடந்துச்சுன்னு. நீதான் ராசி ராசின்னே."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படுவார் என்று நின்றேன். ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"அப்ப பொண்ணு ராசி நல்லாத்தான் இருக்கு. தம்பிக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. அது பரவால்ல, எல்லா வீட்டுலயும் ஒண்ணு அப்படி இருக்கும்" என்றார். பிறகு முகம் மாறி, "இதைச் சொல்ல நாலு நாளா உனக்கு? அந்தப் பிள்ளையை நான் என்னென்ன பேசிப்புட்டேன்" என்றார். உரித்த ஆரஞ்சில் பாதியை என் கையில் கொடுத்தார். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பூ வைத்தார்கள். அப்பா என் தோலை உரித்தார், அது எதிர்பார்த்ததுதான். கல்லூரி அணியில் அதற்குப் பிறகு நான் முன்னாலும் நிற்கவில்லை, பின்னாலும் நிற்கவில்லை. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

எங்கள் வழக்கத்தில் மண்டபத்துக்கு வருகிற மாப்பிள்ளையின் காலைப் பெண்ணின் தம்பிதான் கழுவி விட வேண்டும். ஆவணி மாதக் கல்யாணம். கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கால் கால் மாதிரி இருந்தது, இன்னொரு கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. நான் செம்பும் தாம்பாளமுமாகக் குனிந்தேன். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பைய, பைய. அது எங்க வீட்டுக் காலு" என்றார். கூட்டத்திலிருந்து பி.டி. சாரின் குரல் கேட்டது: "இப்பத்தான்லே ஒழுங்கா மார்க் பண்ணுதே."

அத்தான் அதற்குப் பிறகு சின்னச் சின்ன மேட்ச் ஆடினார். பழைய வேகம் வரவில்லை. ஒரு தடவைகூட அதைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் கால் குடையும். "மழை வரப் போகுது, குருவுக்குப் போன் போடு" என்பார். வீட்டுக்குப் புதிதாக வருகிற மாப்பிள்ளைகளிடம், "குரு உள்ள வந்தா, சித்தப்பாவோ மாமாவோ, முறை எதுவா இருந்தாலும் காலைத் தூக்கி மேல வச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் தூக்கி வைக்கிறார்கள். பேரப்பிள்ளைகள்கூடத் தூக்குகிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், முதலில் சிரிப்பது நான்தான்.

கோமதியக்கா எல்லோரும் சிரித்து முடியட்டும் என்று காத்திருப்பாள். பிறகு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொல்வாள்: "அவிய காலு புதன்கிழமையே வலிச்சிருச்சு. இவனுக்கு ஞாயித்துக்கிழமைதான் வலிச்சுது."

அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். நான் கொஞ்சம் பிந்திச் சிரிப்பேன்.